தீவுக்கும் சர்வீஸ் உண்டு

எனக்குப் பார்வை கிடையாது. போர்ட் பிளேரில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சு வேலை. சேர்ந்த புதிதில், திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள் ஒன்றை மெயின்லேண்டிலிருந்து வரவழைத்துத் தந்தார்கள். ஒரே கம்ப்யூட்டரில்தான் ஓடும். ஆங்கிலம் மட்டும்தான் பேசும். அதன் விலையைக் கேட்ட பிறகு என் நாற்காலியில் உட்காரவே மற்றவர்கள் பயந்தார்கள்.

ஒரு மழைக்காலத்தில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. மென்பொருளும் அதோடு போனது. விற்ற ஏஜெண்டைப் போனில் பிடித்தேன்.

"மேடம், ஐலேண்டுக்கெல்லாம் சர்வீஸ் கிடையாது. மெஷினைக் கப்பல்ல அனுப்புங்க, பாக்கலாம்."

அனுப்பவில்லை. பக்கத்து மேசை பெங்காலி அக்கா இணையத்தில் தேடி, இதே வேலையை இலவசமாகச் செய்கிற ஒன்றைப் புதுக் கம்ப்யூட்டரில் இறக்கினார். எங்கள் ஊர் இணையத்தில் அது இறங்கி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. முதல் வார்த்தை கேட்டதும் அக்கா, "போல்தா ஹை! போல்தா ஹை!" (பேசுது, பேசுது) என்று இந்தியில் கத்தியதில் மொத்த ஆபீசும் எங்கள் மேசைக்கு வந்துவிட்டது.

பிறகு கைபேசியே தமிழில் பேசத் தொடங்கியது. அதற்கென்று தனியாக எதுவும் வாங்க வேண்டியிருக்கவில்லை.

போன வருடம் அந்த ஏஜெண்ட் நேரிலேயே வந்து நின்றார். கேமரா வைத்த கண்ணாடி கொண்டுவந்திருந்தார். மாட்டிக்கொண்டால் எதிரில் இருப்பதைச் சொல்லுமாம். மாட்டிக்கொண்டு அக்கா பக்கம் திரும்பினேன். "சேர்", அதாவது நாற்காலி, என்றது கண்ணாடி. அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை.

"தமிழ் படிக்குமா?" என்றேன்.

"அடுத்த அப்டேட்ல வந்துடும் மேடம்."

நான் என் கைபேசியைத் தமிழ்ச் செய்தி படிக்கவிட்டேன். கடகடவென்று அது படித்ததைக் கேட்டவர், தானே கண்ணாடியைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார்.

"இப்ப யாரும் சாப்ட்வேர் வாங்கறதில்ல மேடம். கத்துக்கொடுக்க ஆள் இருக்கான்னுதான் கேக்கறாங்க. இந்த ஊர்ல நீங்க செய்றீங்களா?"

அவர் மேல் கோபம் முழுக்கப் போயிருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் சரி என்றேன்.

என் முதல் மாணவர் ஓய்வுபெற்ற ராணுவக்காரர். கண் வைத்தியத்துக்காகத் தெற்குக் கோடித் தீவில் இருக்கும் கேம்பல் பே என்ற ஊரிலிருந்து வந்தவர். பார்வை திரும்பவில்லை. அடுத்த கப்பலுக்காக மகள் வீட்டில் காத்திருந்தார். கைபேசி பேசியதுமே திடுக்கிட்டார்.

"அரே, இவ என்னம்மா இவ்ளோ தேஸா பேசுறா? ஆராம்சே பேசச் சொல்லு!"

வேகத்தைக் குறைத்துக் கொடுத்தேன். விரலால் தள்ளவும், திறக்க இரண்டு முறை தட்டவும் பழகிக்கொண்டார். ஒரு வாரம் போனபின், ஊரிலிருந்து மனைவி அனுப்பிய வாட்ஸப் செய்தியைத் தானே திறந்தார். ஏற்ற இறக்கமில்லாத குரலில் கைபேசி படித்தது:

"போனா போன இடம்தானா? சர்க்கரை மாத்திரை போட்டீங்களா, இல்ல அங்கயும் ஜிலேபிதானா? கோழிங்ககூட உங்களத் தேடுது. நான் தேடல."

அவர் உள்ளே இருந்த மகளைக் கூப்பிட்டார்.

"அம்மா நல்லா இருக்கான்னுதானே தினமும் படிச்சுச் சொன்னே? திட்டினதையெல்லாம் எங்கே விட்டே?"

"உங்க மனசு கஷ்டப்படுமேன்னு விட்டுட்டேம்ப்பா."

"அடப் பைத்தியமே, அவ திட்டினாத்தானே அவ!"

சிரித்துக்கொண்டே அதை மறுபடி தட்டினார். இன்னொரு முறை தட்டினார். அடுத்த பாடத்துக்குப் போகலாமா என்றேன். காதில் விழவில்லை.