பூப்போட்ட கவுன்

ஜெர்மனியின் உசெடோம் தீவிலுள்ள அம்மணக் கடற்கரைக்குப் போகவர மேலுடுப்பு மட்டும்தான் எல்லோருக்கும் வழக்கம். உள்ளே ஒன்றும் கிடையாது. எடெல்ட்ராடுக்கு அது பூப்போட்ட கவுன். அன்று அவள் நீந்திவிட்டுக் கரையேறினால், மறதி நோய்க்காரக் கணவர் ஹார்ட்முட்டைக் காணோம்.

"என்னம்மா போட்டிருந்தாரு?" என்றார் கடற்கரைக் காவலர்.

"இங்க யாருய்யா என்ன போட்டிருக்கா!" என்று அலறினாள்.

பையைக் கவிழ்த்தாள். அவருடைய சட்டையும் கால்சட்டையும் விழுந்தன. அவளுடைய கவுன் இல்லை. அவர் உடுப்பையே மாட்டிக்கொண்டு இருவரும் வந்திறங்கிய பேருந்து நிறுத்தத்துக்கு ஓடினாள்.

அங்கே அவளுடைய கவுனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ஹார்ட்முட், பக்கத்து இடத்தைக் கையால் மறித்தார்.

"இங்க உக்காராதீங்க சார். என் பொண்டாட்டி வருவா. பூப்போட்ட கவுன் போட்டிருப்பா. எங்கயாச்சும் பாத்தீங்களா?"