தோள் கொடுத்த மணியம்

மணியம் இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர், அவரோடு எண்ணெய்ச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிய சரவணன். “டீச்சர், அண்ணன் போயிட்டாரு. நெஞ்சு வலிக்குதுன்னு ஒக்காந்தாரு, எந்திரிக்கல” என்றார். பிறகு, “நீங்க வரணும். ஆனா பேசாதீங்க லா” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

உங்களில் பலருக்கு அவர் செர்டாங் மணியம். எனக்கு, கரங்கான் பக்கத்துத் தோட்டத்து லயத்தில் அடுத்த வீட்டுப் பிள்ளை. பெண் என்று வளர்க்கப்பட்டு, இருபது வயதில் ஒருநாள் காணாமல் போனவர். ஓய்வு பெற்று நான் செர்டாங்குக்குக் குடிவந்த புதிதில், மீன் கடை முன் நரைத்த கிராப்பும் சட்டையுமாக நின்ற ஒருவர் தயங்கித் தயங்கி அருகில் வந்தார். “அக்கா, இங்க நான் மணியம். அது போதும்.” அவர் என்னிடம் கேட்டது அவ்வளவுதான்.

ஊரில் யார் இறந்தாலும் பெட்டி தூக்க முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். முன்பக்கம் இடது மூலை அவருடையது. உயரம் போதாதென்று துண்டை மடித்துத் தோளில் வைத்துக்கொள்வார். “தூக்குறவன் ஒசரம் பொணத்துக்குத் தெரியவா போகுது?” என்று சாவு வீட்டிலும் சிரிப்பு மூட்டுவார்.

கோயில் மகளிர் பிரிவு என்னைப் பேச அழைத்தது. பாலின அடையாளத்தைப் பற்றிப் பேசினேன். படித்திருந்தேன், நன்றாகவே பேசினேன். பிறந்த உடலைப் பார்த்து மற்றவர்கள் முடிவு செய்வது ஒன்று, தான் யார் என்று ஒருவர் தனக்குள் அறிந்திருப்பது வேறொன்று. திருநங்கையாகவோ திருநம்பியாகவோ இருப்பது நோயுமல்ல, வேடமுமல்ல என்றேன். “அதெல்லாம் கோலாலம்பூர்ல டீச்சர், நம்ம ஊர்ல ஏது?” என்றாள் ஒருத்தி. எனக்குப் பொறுக்கவில்லை. “உங்கள் வீட்டுச் சாவுக்குத் தோள் கொடுத்தவரே ஒரு திருநம்பிதான்” என்றேன். பெயர் சொல்லவில்லை. தேநீர் ஆறுவதற்குள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

யாரும் அவரை ஏசவில்லை. ஏசியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். அது எனக்கு வசதியாக இருந்திருக்கும். அடுத்த சாவு வீட்டில் மணியம் துண்டை மடித்துக்கொண்டு எழுந்தபோது, ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். “நீங்க ஒக்காருங்கண்ணே, நாங்க பாத்துக்கிறோம்.” மரியாதையில் குறையில்லை. தோள்தான் வேண்டாம். அதன்பிறகு பெட்டி தூக்க அவரை யாரும் கூப்பிடவில்லை.

மன்னிப்புக் கேட்கப் போனேன். கோப்பி கலக்கிக் கொடுத்தார். “நீங்க சொன்னது எல்லாம் சரிதான்க்கா. ஆனா அத சொல்ல வேண்டிய ஆளு நானு.” மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. நான் அதை எதிர்பார்த்துப் போனதே அதிகம்.

அவர் கிடத்தப்பட்டிருந்த கூடத்தில், கரங்கானிலிருந்து வந்த தங்கை மடியில் ஒரு சேலையோடு உட்கார்ந்திருந்தார். பெண்கள் குளிப்பாட்டுவதா, ஆண்களா என்று கேட்க யாருக்கும் துணிவில்லை. என் விளக்கம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சரவணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன். அவர் தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு தங்கையிடம், “அக்கா, எங்க அண்ணன நாங்கதான் குளிப்பாட்டுவோம். வேட்டி அவரே எடுத்து வெச்சிருக்காரு” என்றார். தங்கை அந்த வேட்டியை வெகுநேரம் பார்த்தார். பிறகு சேலையைப் பைக்குள் வைத்தார்.

பெட்டி தூக்கியபோது, முன்பு நாற்காலி போட்ட அதே மனிதர் முன்பக்கம் இடது மூலையில் நின்றார். வெட்கத்தாலா, வழக்கத்தாலா என்று நான் கேட்கவில்லை. கேட்கும் தகுதி எனக்கு இல்லை.

அவரைப் பற்றிய உண்மை என் வாயால் ஊருக்குத் தெரிந்தது. அது எப்படித் தெரிந்தது என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும்; அதற்காகவே இதை எழுதுகிறேன்.

மின்சுடலை வாசலில் மகளிர் பிரிவைச் சேர்ந்த ஒருத்தி என் முழங்கையைத் தொட்டு, “டீச்சர், அவருக்கு முன்ன என்ன பேரு?” என்றாள். தெரியாது என்றேன். தெரியும். லயத்தில் அவருடைய அம்மா அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. மணியத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். இதையாவது சொல்லாமல் சாவேன்.