என்மேல் நானே எழுதிய புகார்

1930களின் தொடக்கத்தில் கோலாலம்பூர் ஆஸ்பத்திரி ஒன்றில் நான் டிரஸ்ஸராக இருந்தேன். காயத்துக்கு மருந்து கட்டுவது பாதி வேலை. வெள்ளைக்கார டாக்டர் ஆங்கிலத்தில் சொல்வதை நோயாளிகளுக்குத் தமிழில் எடுத்துச் சொல்வது மீதிப் பாதி. வயது இருபத்தெட்டு. பேச்சில் கெட்டிக்காரன் என்று எனக்குப் பெயர்.

ஒரு திங்கட்கிழமை, ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன் ஒருவர் வந்தார். வண்டி வரும்போது தண்டவாளத்தை மாற்றிவிடும் வேலை. நாற்பது வயதிருக்கும். மனைவி இறந்தபின் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்து வரிசை வீடு ஒன்றில் தனியாக இருந்தார். இரண்டு மாதமாக விடாத இருமல். சளியைச் சோதித்த டாக்டர் காசநோய் என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

அவர் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டு முடித்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"ஐயா, இது வெளியில போவாதுல்ல?"

டாக்டரிடம் கேட்டுச் சொன்னேன். "சுகாதார அதிகாரிக்கு மட்டும் எழுதுவாங்க. வேற யாருக்கும் போவாது."

அந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, லயத்தில் அவருக்குப் பக்கத்து வீட்டு அக்கா என்னை நிறுத்தினார்.

"தம்பி, எங்க பக்கத்து வீட்டு அண்ணே ஆஸ்பத்திரிக்கு வந்தாராமே, என்னவாம்?"

அவர் இடுப்பில் ஒரு குழந்தை. கையைப் பிடித்தபடி இன்னொன்று. பார்த்ததும் எனக்கு மனம் கேட்கவில்லை. "காசநோய்தான்க்கா. பிள்ளைங்கள அந்தப் பக்கம் விடாதீங்க," என்றேன். நல்லது செய்த நினைப்போடு வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டேன்.

பத்து நாளில் பாயிண்ட்ஸ்மேன் மறுபடி வந்தார். லயத்துக் குழாயில் தண்ணீர் பிடிக்க விடுவதில்லை, காப்பிக்கடையில் தனிக் கோப்பை வைத்துவிட்டார்கள், கூட வேலை செய்கிறவர்கள் நோயின் பேரைச் சொல்லியே கூப்பிடுகிறார்கள் என்றார்.

"யாரு சொன்னாங்கன்னு டாக்டர்கிட்ட கேளுங்க," என்றார் என் முகத்தைப் பார்க்காமல்.

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. நான்தான் சொன்னேன் என்று அவரிடம் தமிழிலும், டாக்டரிடம் ஆங்கிலத்திலும் சொன்னேன். குழந்தைகளுக்காகத்தான் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

"நோவுன்னு தெரிஞ்ச அன்னைலேர்ந்து அதுங்கள நான் கிட்ட சேர்க்கவே இல்ல. தினம் மிட்டாய் குடுப்பேன், அதையும் நிறுத்திட்டேன். என்னைக் கேட்டிருந்தா நானே அந்தம்மாகிட்ட சொல்லியிருப்பேன். என் உடம்பு சேதி, ஐயா. நான் சொல்ல வேண்டியது."

இதையும் டாக்டருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன்.

"அவரைக் கேட்டாயா?" என்றார் டாக்டர். இல்லை என்றேன். நோயாளிகள் விஷயத்தை வெளியே பேசமாட்டேன் என்று வேலையில் சேர்ந்த அன்று நான் கையெழுத்துப் போட்டிருந்ததை நினைவுபடுத்தினார். பிறகு அவரிடம் சொல்லச் சொன்னார்: எழுத்தில் புகார் கொடுக்க அவருக்கு உரிமை உண்டு. கொடுத்தால் மேலிடத்துக்குப் போகும். கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் வைத்தியத்தில் குறை வராது. ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

"குடுக்கறேன். எனக்கு எழுத வராது. இவரே எழுதட்டும்."

வேறு ஆளை வைத்து எழுதலாமே என்றார் டாக்டர்.

"அப்புறம் அந்த ஆளுக்கும் என் நோவு தெரிஞ்சிரும்."

அவர் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். எழுதியதைத் தமிழில் படித்துக் காட்டியபோது ஓரிடத்தில் நிறுத்தினார்.

"அதென்ன 'தவறுதலா'? தெரிஞ்சுதானே சொன்னீங்க?"

அந்தச் சொல்லை அடித்தேன். அவர் கைநாட்டு வைத்தார்.

அடுத்த ஞாயிறு அந்த அக்கா, "நல்லவேளை சொன்னே தம்பி," என்று நன்றி சொன்னார். நான் வீட்டுக்கு நடந்தேன்.

என்னை மருந்துக் கிடங்குக்கு மாற்றினார்கள். ஒரு வருடம் புட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். முதல் சில வாரம் புகார் கொடுத்தவர்மேல் கோபம்கூட இருந்தது. பிறகு வெட்கம் மட்டும்தான் மிஞ்சியது. அவர் சில மாதம் வார்டில் படுத்திருந்து, கிள்ளானில் தங்கை வீட்டுக்குப் போனார். நோய் மெல்லத் தணிந்தது. ரயில்வே அவரைக் கேட் காவலுக்குப் போட்டது.

நான் பழைய இடத்துக்குத் திரும்பியபோது அவர் மாதாமாதம் சோதனைக்கு வந்துகொண்டிருந்தார். அரைகுறைத் தமிழ் பேசும் மலையாள டிரஸ்ஸரின் வரிசையில்தான் உட்காருவார். ஒருநாள் அங்கே கூட்டம் அதிகம். என் பக்கம் யாருமில்லை. நானே போய்க் கூப்பிட்டேன்.

"கோவமெல்லாம் இல்லீங்க," என்றார். "ஆனா வேணாம்."

சரி என்று அவருடைய சீட்டை வாங்கி, மலையாள டிரஸ்ஸரின் மேசையில் வரிசைப்படி வைத்துவிட்டு என் இடத்துக்கு வந்தேன்.