நான் கேட்காத நெத்திலி

என் ஞானமகன் ஜெரோமின் வேலையைத் தொலைத்தவன் நான்தான்!

வேறு யாரும் இல்லை. அவன் தாய் ரெஜினா நாள்தோறும் மண்ணை வாரித் தூற்றுகிறாளே ஒரு முகம் தெரியாத பாவியை... அந்தப் பாவி இதே ராயபுரத்தில், அவள் வீட்டிலிருந்து நான்காவது வாசலில், பென்ஷன் வாங்கிக்கொண்டு, வேளைக்குக் காபி குடித்துக்கொண்டு சுகமாக உட்கார்ந்திருக்கிறான்.

இதை நான் கோயிலில்கூடச் சொன்னதில்லை. மாதம் தவறாமல் பாவசங்கீர்த்தனம் செய்கிறவன் நான். கோபப்பட்டதைச் சொல்வேன், பூசைக்குப் போகாததைச் சொல்வேன். இதை மட்டும் தொண்டையிலேயே வைத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுவேன். உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்கு என்னைத் தெரியாது, அந்தத் தைரியம்தான்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கப்பலில் இருந்த மூன்று நாளும், துரோகம் செய்யப்பட்டவன் நானே என்று நம்பிக்கொண்டிருந்தேன். இப்போதும் சில காலைகளில் அப்படித்தான் தோன்றுகிறது. எவ்வளவு வெட்கங்கெட்ட மனம் பாருங்கள்!

ஹார்பரில் கிரேன் ஓட்டியவன் நான். ஜெரோமின் தகப்பன் அந்தோணி என்னோடு ஒரே கேங்கில் வேலை செய்தான். அவனுடைய பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று கையில் ஏந்தி நின்ற ஞானத்தகப்பன் நான். அந்தோணி சீக்கிரமே போய்விட்டான். பையன் என்னை மாமா, மாமா என்று சுற்றியே வளர்ந்தான். கேட்டரிங் படித்தான். சென்னையிலிருந்து புறப்படும் ஓர் உல்லாசக் கப்பலில், சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறும் வேலை கிடைத்தது. முதல் விடுமுறையில் வந்தபோது என் வீட்டுத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து சொன்னான்:

"ஆறு மாசத்துக்கு ஒரு தபா காண்டிராக்ட் மாமா. சாப்புட வர்றவங்கோ நம்மளப் பத்தி ஒரு வார்த்தை தப்பா எழுதிட்டாங்கன்னா, அவ்ளோதான்... மூட்டையக் கட்ட வேண்டியதுதான்!"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நானும் சிரித்தேன். ஆகவே, எனக்குத் தெரியாது என்று மட்டும் நான் சொல்ல முடியாது. எல்லாம் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

நான் ஓய்வு பெற்றதற்காக மகள் பிரின்ஸி, அதே கப்பலில் எங்கள் மூவருக்கும் டிக்கெட் எடுத்தாள். மூன்று நாள் கடலைச் சுற்றிவிட்டுத் திரும்பும் பயணம். "வாழ்நாள் பூரா கப்பலுக்குச் சரக்கு ஏத்துனே... ஒரு தபா நீயும் ஏறிப் பாருப்பா" என்றாள். செய்தி கேட்டு ஜெரோம், கூட வேலை செய்யும் ஒருவனிடம் கெஞ்சி, எங்கள் மேஜையைத் தன் பொறுப்பில் மாற்றி வாங்கிக்கொண்டானாம். ரெஜினா பெருமையோடு வந்து சொன்னாள்.

கப்பல் நகர்ந்ததுமே மனைவி ஸ்டெல்லாவுக்கும் பிரின்ஸிக்கும் தலைசுற்றல், வாந்தி. இருவரும் அறையில் படுத்துவிட்டார்கள். முதல் நாள் இரவு விருந்துக்கு நான் மட்டும் போனேன்.

எங்கள் மேஜையில் இன்னொரு குடும்பமும் இருந்தது. வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், அவர் மனைவி. கோட்டு போட்டிருந்தார். நான் உட்கார்ந்ததும் உட்காராததுமாக ஆரம்பித்தார்:

"கப்பல் ஏறினதும்தான் சார் மூச்சே வந்தது! டாக்ஸிக்காரன் ராயபுரம் வழியா கூட்டிட்டு வந்துட்டான். ஒரே நாத்தம், கண்டெய்னர் லாரி, ரவுடிப் பசங்க... ஜனங்க எப்படித்தான் அங்க குடியிருக்காங்களோ! நீங்க எங்க சார் இருக்கீங்க?"

என்ன சொல்லியிருக்க வேண்டும் நான்? நான் அந்த மண்ணில் பிறந்தவன்டா என்று சொல்லியிருக்க வேண்டாமா? தெருவில் எவனாவது அப்படிப் பேசியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். ஆனால் அந்த வெள்ளை மேஜை விரிப்பு, வரிசையாக வைத்த முள்கரண்டிகள், எதை எதற்கு எடுப்பது என்று தெரியாத என் கை...

"கீழ்ப்பாக்கம்" என்றேன்.

"என்ன வேலையில இருந்தீங்க?"

"ஹார்பர்ல... ஆபீசர்."

சொல்லி முடித்துத் திரும்பினேன். என் நாற்காலிக்குப் பின்னால் ஜெரோம் நின்றுகொண்டிருந்தான்! கறுப்புக் கோட்டு, கழுத்தில் வில் டை, கையில் தண்ணீர்க் குடுவை. என்னைப் பார்த்த சந்தோஷம் இன்னும் முகத்திலிருந்து இறங்கவில்லை. வாய் திறந்துதான் இருந்தது. மாமா என்ற சொல் வெளியே வரவேண்டியதுதான் பாக்கி.

நான் தலையைக் குனிந்து மெனு அட்டையைப் பார்த்தேன்.

அவனுக்கு அது போதுமானதாக இருந்தது. "குட் ஈவ்னிங் சார்" என்றான்.

மேலாளர் விடவில்லை. "தமிழ்ப் பையனா நீ? எந்த ஏரியாப்பா?"

"ராயபுரம் சார்." கொஞ்சமும் தயங்காமல் சொன்னான்.

"அடடே! உன்னைப் பார்த்தா அப்படித் தெரியலையே!" என்று அவர் சிரித்து, என் பக்கம் திரும்பினார். "நீங்க அந்தப் பக்கமெல்லாம் போயிருக்கீங்களா சார்?"

"எனக்கு அந்தப் பக்கம் போற வேலையே இல்லை" என்றேன்.

ஜெரோம் என் கோப்பையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். ஒரு சொட்டு சிந்தவில்லை.

அறைக்குத் திரும்பியபோது எனக்கு வந்தது வெட்கம் என்றா நினைக்கிறீர்கள்? கோபம்! என்னை அவன் 'சார்' என்று கூப்பிட்டுவிட்டானே! தூக்கி வளர்த்த பிள்ளை, யாரோ எவரோ போல நின்றானே! நான் ஆயிரம் சொல்லியிருக்கட்டும். 'இன்னா மாமா, நம்ம ஏரியாவ மறந்துட்டியா' என்று தோளைத் தட்டி என்னை அங்கேயே இழுத்துப் போட்டிருக்கக் கூடாதா? என்னைக் கைவிட்டுவிட்டான் என்று பொருமினேன். அவன் என் பொய்யைக் காப்பாற்றினான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கோபம் அதிகமானது. ஒருவன் நம் அழுக்கைப் பார்த்துவிட்டு, பார்க்காதவன் போல மரியாதையாக நின்றால்... அவனை மன்னிக்க முடிவதில்லை.

மறுநாள் காலை எங்கள் அறைக்குச் சூடான கஞ்சியும் எலுமிச்சை ஊறுகாயும் வந்தன. ஸ்டெல்லா எழுந்து உட்கார்ந்து ஆசையோடு குடித்தாள். "யாருங்க குடுத்து வுட்டது? நம்ம ஜெரோமா?" என்று கேட்டாள்.

"கப்பல்ல வாந்தி எடுக்கிறவங்களுக்கு எல்லாம் குடுப்பாங்களாம்" என்றேன்.

"அவன் எங்க? கண்ணுலயே காணோமே!"

"அவனுக்கு வேற பக்கம் ட்யூட்டி போட்டுட்டாங்க. இந்தத் தபா பாக்க முடியாதாம்."

பொய் ஒன்றோடு நிற்குமா! அவர்கள் தேறியதும், "கீழ்க் கூடத்துல எண்ணெய் வாசனை தாங்காது" என்று பயமுறுத்தி, மேல்தளத்தில் தாங்களே எடுத்துச் சாப்பிடும் இடத்துக்கு அனுப்பிவைத்தேன். நானும் அவர்களோடு போயிருக்கலாம். போகவில்லை. அந்த மேலாளர் மூன்று முறை என்னைத் தேடி வந்து, "ராத்திரி டின்னர்ல பார்ப்போம் சார்" என்றார். கோட்டு போட்ட மனிதர் என்னை 'சார்' என்கிறாரே! அந்த ருசியை விட மனம் வரவில்லை.

இரண்டாவது இரவுதான் அது நடந்தது.

எல்லோருக்கும் ஏதோ வெள்ளைக் குழம்பில் மிதந்த மீன் வந்தது. எனக்கு மட்டும், அதோடு ஒரு சின்னத் தட்டில் நெத்திலி வறுவல்! மெனுவில் இல்லாத பண்டம். கப்பல் ஊழியர்களுக்கெனச் சமைப்பதிலிருந்து தன் பங்கை எடுத்து வந்திருக்கிறான். அது வேலை விதிக்கு மாறானது என்பதுகூட எனக்குத் தெரியும். அவனே முன்பு சொல்லியிருக்கிறான். இந்த மாதிரி வெள்ளைக் குழம்பை நான் தொடமாட்டேன் என்று முதல் நாளே கவனித்திருக்கிறான், மடையன்!

மேலாளரின் மனைவி எட்டிப் பார்த்தாள். "என்ன சார், உங்களுக்கு மட்டும் ஸ்பெஷலா? இந்தப் பையனை முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது" என்றேன். பிறகு, தட்டைத் தள்ளினேன். "இதை நான் கேக்கலையேப்பா. எடுத்துட்டுப் போ."

"சாரி சார்" என்றான். எடுத்துக்கொண்டு போனான். நாக்கில் எச்சில் ஊற, நான் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் காலை, நானும் மேலாளரும் கணக்குத் தீர்க்கும் வரிசையில் நின்றோம். பரிமாறுகிறவர்களுக்கென்று ஒரு சேவைக் கட்டணத்தை அறைக் கணக்கிலேயே சேர்த்துவிடுகிறார்கள். "காரணம் எழுதிக் கொடுத்தா அதை எடுத்துடுவாங்க சார், நான் எடுக்கச் சொல்லிட்டேன்" என்றார் மேலாளர்.

எங்கள் ஹார்பர்க்காரர்களுக்கு ஒரு புத்தி உண்டு. ஆபீஸ் ஜன்னல் வழியாகப் போகும் காசு தொழிலாளி கைக்கு வராது என்பது எங்கள் ரத்தத்தில் ஊறியது. ஒரு கப்பல் வேலை முடிந்தால் அவனவன் கையில் வைக்கவேண்டும். அதுதான் எங்கள் முறை. கப்பல்காரனிடம் கொடுப்பானேன், எடுக்கச் சொல்லிவிட்டு ஜெரோம் கையிலேயே உறையாகக் கொடுத்துவிடலாம்... அதற்காகத்தான் அந்தத் தாளை வாங்கினேன். இதுவரை உண்மை. சத்தியமாக உண்மை!

ஆனால் தாளில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. மேலாளர் என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த நெத்திலியை எழுதுங்க சார். அதைவிடக் காரணம் வேணுமா?" என்றார்.

அவர் சொன்னதால்தான் எழுதினேனா? பலமுறை என்னை நானே கேட்டுவிட்டேன். இல்லை... அந்தப் பேனா என் கையில் இனித்தது. இரண்டு நாளாக என் பொய்க்குச் சாட்சியாக நின்றவன்மேல் ஒரு கோடு போடும் வாய்ப்பு! ஊழியர் உணவை விருந்தாளிக்குக் கொண்டுவந்து வைத்தார் என்று எழுதினேன். சேவை திருப்தி இல்லை என்று எழுதினேன். பெயர்: ஜெரோம். பெரிய ஆங்கில எழுத்துகளில், கிரேன் லாக் புத்தகத்தில் எழுதுவதுபோல, சுத்தமாக.

ஸ்டெல்லாவையும் பிரின்ஸியையும் முன்னால் அனுப்பிவிட்டேன். இறங்கும் நேரத்தில் ஜெரோம் மாடிப்படி ஓரம் தனியாக நின்றான். உறையை நீட்டினேன்.

அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மெல்லச் சிரித்தான். "இன்னாத்துக்கு மாமா இது? அதான் உங்க ரூமு பில்லுலயே வந்துடுமே. அத்தைக்கு எதனா வாங்கிக் குடு. எனக்கு எதனா செய்யணும்னா, அந்தக் கருத்துத் தாள்ல ஒரு நல்ல வார்த்தை எழுதிட்டுப் போ. காண்டிராக்ட் முடியுது இந்த மாசம்."

மாமா என்று கூப்பிட்டுவிட்டான். ஆள் இல்லாத இடத்தில்!

திரும்பி ஓடியிருக்கலாம். கணக்குத் தீர்க்கும் மேசை இன்னும் திறந்திருந்தது; நான் கொடுத்த தாள் அங்கே மேலாகவே கிடந்தது, கண்ணால் பார்த்தேன். 'தவறாக எழுதிவிட்டேன்' என்று கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். ஆனால் மேசை அருகில் மேலாளர் நின்று எனக்குக் கை காட்டினார். அவர் எதிரில் அந்தத் தாளைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கை காட்டிவிட்டு இறங்கினேன். அவ்வளவுதான் என் விலை.

அடுத்த காண்டிராக்ட் வரவில்லை. இன்று வரும், நாளை வரும் என்று இரண்டு மாதம் போனைக் கையில் வைத்துக்கொண்டே திரிந்தான். பயணி ஒருவர் எழுதிய புகார்தான் காரணம் என்று பிறகு தெரிந்தது. வேறு கப்பல் கம்பெனிகளும் பழைய ரிமார்க்கைக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தின. இப்போது எண்ணூர்ப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில், வாசலில் லாரி நம்பர் குறிக்கிறான். புழுதியில் நின்று நின்று முகம் கறுத்துவிட்டது. ரெஜினா என் வீட்டுக்கு வந்துதான் அழுவாள். "எம்புள்ள இன்னா கொறை வெச்சான்? எழுதுனவன் கை வெளங்குமா?" என்பாள். நான் அந்தக் கையால்தான் அவளுக்குத் தண்ணீர் மொண்டு கொடுப்பேன்.

போன ஞாயிறு பூசை முடிந்து ஜெரோம் வந்தான். உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான். "கப்பலுக்கு ஆள் எடுக்குற ஏஜென்சில இதக் காட்டவே மாட்டேன்னானுங்க மாமா. சண்டை போட்டு ஜெராக்ஸ் வாங்கியாந்தேன்."

என் எழுத்து! அந்த சுத்தமான பெரிய எழுத்து... அதன் கீழே எங்கள் அறை எண். எந்த மேஜையில் யார், அவர்கள் அறை எது என்று மனப்பாடமாக வைத்திருப்பதே அவன் தொழில். அவனுக்கா தெரியாது?

அவன் கோபப்படவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு நேரம் கொடுத்தான் என்பது பிறகுதான் புரிந்தது... இல்லை, பொய், அப்போதே புரிந்தது.

"யாருன்னு உனக்கு எதனா தெரியுதா மாமா?"

"அந்தப் பேங்க் ஆளாத்தான் இருக்கும்" என்றேன். "மூஞ்சியப் பாத்தாலே தெரியல?"

அவன் கண்ணை என்மேலிருந்து எடுத்துக்கொண்டான். அதற்குள் ஸ்டெல்லா காபியோடு வந்து, "இன்னாடா அது? எந்தக் கட்டையில போறவன் எழுதுனது? குடு, நானும் பாக்கறேன்" என்று கையை நீட்டினாள்.

ஜெரோம் என் கையிலிருந்து தாளை மெதுவாக உருவினான். நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். "ஒன்னும் தெரில அத்தை. பேரெல்லாம் அழிச்சிட்டானுங்கோ" என்றான். நின்றபடியே காபியைக் குடித்து முடித்து, தம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.

"பாவம்ங்க அவன்" என்றாள் ஸ்டெல்லா, வாசலைப் பார்த்தபடி. "வேலை போயும் உங்களாண்டதான் ஓடி வர்றான் பாருங்க. உங்க மேல அவ்ளோ நம்பிக்கை அவனுக்கு."

நான் ஆமாம் என்றேன்.