தனி வாசல் வைத்த அறை

டெக்சாஸில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டின் பின்பக்கம், தனி வாசலும் கழிவறையுமாக ஒரு குட்டி அறை உண்டு. வீட்டுக்கு விலக்கான நாட்களில் ஒதுங்கி இருக்க வசதி என்று பூரித்தவள் நான்.

அன்று மகளை அங்கே இருத்தியிருந்தேன். அவளுக்குச் சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்துவிட்டு, ஹாலில் படம் பார்க்க உட்கார்ந்தேன். அந்தக் காலத்து அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் கதை. தன் கழிவறையைத் தொடக்கூடாதென்று வேலைக்காரியை முதலாளியம்மா, எங்கள் வீட்டில் இருப்பதைப் போலவே பின்பக்கம் கட்டிய அறைக்கு அனுப்புகிறாள். திரையில் அந்த வேலைக்காரி தட்டை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். கதவு தட்டும் சத்தம் கேட்டது. படத்தை நிறுத்தினேன். சத்தம் நிற்கவில்லை.

ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்தேன். மகள் அந்த அறையையே திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நின்றாள். "அம்மா, ஹூ வாஸ் இன் தட் ரூம் பிஃபோர் மீ?"

தொடக்கூடாத அந்தக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டேன். பதில் மட்டும் இன்றுவரை சொல்லவில்லை. சொன்னால், தெரிந்துமா என்னை அங்கே வைத்தாய் என்று கேட்பாள்.