சந்தனம் அப்பிய பின்விளக்கு

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மறதியும் ஜாஸ்தி, பொறுத்துக்கொள்ளுங்கள். வேங்கிக்காலிலிருந்து திருவண்ணாமலைக்கு, விடியும் முன்னே சைக்கிளில் சமையல் வேலைக்குப் போகிறவள் நான். விலை கம்மியாகப் பார்த்து ஒரு பின்விளக்கு வாங்கி மாட்டினேன். பூஜை போட்டு, அதன்மேலேயே சந்தனமும் குங்குமமும் தாராளமாக வைத்தேன்.

மறுநாள் இருட்டில், பின்னால் வந்த பஸ் கிறீச்சென்று என்னை ஒட்டி நின்றது. நான் சைக்கிளை ஓரம் கட்டினேன். டிரைவர் இறங்கி வந்தார்.

"ஏம்மா, லைட்டு கிட்டு கிடையாதா?"

"இருக்குதுங்க. நேத்துதான் மாட்டினேன்."

அவர் குனிந்து பார்த்துச் சிரித்துவிட்டார். "சாமிக்குச் சாத்துன மாதிரி அப்பிட்டா எப்படிம்மா தெரியும்?"

தன் துண்டாலேயே துடைத்தார். சிவப்பு பளிச்சென்று எரிந்தது. "லைட்டு நல்லாத்தான் இருக்குது. பார்த்துப் போங்க."

இப்போது பொட்டெல்லாம் மட்கார்டில்தான். விளக்கு முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு என்று கடைக்காரர் சொன்னதாக ஞாபகம். தெரிந்தவர்கள் சரிபாருங்கள், அப்படியே உங்கள் விளக்கையும்.