கீழ் அம்புக்குறி

காலையில் லேப்டாப்பைத் திறந்தால் கருப்புத் திரையில், எந்தப் பக்கத்தைத் திறக்கட்டும் என்று கேட்டு இரண்டு வரி வரும். மேல் வரி அவள் புருஷனுடைய பக்கம், லினக்ஸ். கீழ் வரி அவளுடையது, விண்டோஸ். சும்மா விட்டால் அவன் பக்கம்தான் திறந்துகொள்ளும். அதனால் அவள் கீழ் அம்புக்குறியை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். அவன் வீட்டை விட்டுப் போய் வருஷம் ஒன்று தாண்டியும் இந்தத் தட்டு நிற்கவில்லை. வரிசையை மாற்றியிருக்கலாமே என்றால், மாற்றியிருக்கலாம்தான். யாருக்குத் தோன்றியது?

போனவன் சண்டை போட்டுக்கொண்டா போனான்? அதுவும் இல்லை. வேறொருத்தியும் இல்லை. "என்னால இங்க இருக்க முடியல" என்றான், பையைத் தூக்கிக்கொண்டு போனான். அவன் கடைசியாக அனுப்பிய செய்தி இன்னும் அவள் போனில் இருக்கிறது: 'சார்ஜர் மேஜை டிராயர்ல இருக்கு.' கட்டின பெண்டாட்டிக்கு எழுதுகிற எழுத்தைப் பாருங்கள்! அதற்கும் அவள் அழவில்லை. இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருக்கிறாள் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். நரம்பில்லாத நாக்கு, எதையும் பேசும். உள்ளே மரத்துப்போனது அவளுக்குத்தானே தெரியும்.

வீட்டில் அவளும் மாமனாரும்தான். அவர் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எவ்வளவு தாமதமானாலும் வண்டி வந்து சேரும் என்பது அவர் கட்சி. மகன் விஷயத்திலும் அதே கட்சிதான்.

அவள் வேலை, மருத்துவர்கள் பேசி அனுப்புவதை ஹெட்போனில் கேட்டு அறிக்கையாக அடிப்பது. காலுக்கடியில் ஒரு பெடல். அமுக்கினால் பேச்சு ஓடும், காலை எடுத்தால் நிற்கும். மூன்று எழுத்து அடித்தால் முழு வாக்கியமும் வந்து விழுகிற மாதிரி ஏராளமான சுருக்குகளைச் செய்து சேர்த்திருந்தாள். அவள் வேகமே அந்தச் சுருக்குகள்தான். அந்த வேகத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

அப்படியிருக்க, கம்பெனியிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. லேப்டாப்பின் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்காதவர்கள் திங்கட்கிழமையிலிருந்து வேலைத் தளத்துக்குள் நுழைய முடியாதாம். ஃபர்ம்வேர் என்பது விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் அடியில் இருந்துகொண்டு மிஷினை முதலில் எழுப்பிவிடுகிற நிரல். அதில் கை வைத்தால் அவள் பக்கத்துக்குப் போட்டிருந்த பூட்டு சந்தேகப்பட்டு, நீளமான ஒரு எண்ணைக் கேட்கும். எண்ணைச் சொல்லாவிட்டால் சுருக்குகள் உட்பட அத்தனையும் போச்சு. அவற்றை வெளியே எடுத்து வைக்கலாமென்றால் அதற்கும் ஒரு கடவுச்சொல் கேட்டது. லேப்டாப்பை அமைத்தவன் அவன். எண்ணும் கடவுச்சொல்லும் அவனிடம்தான்.

ரிப்பேர் கடைக்காரர், "எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டுத் தரேன்க்கா" என்றார். மகா உபகாரம்!

"அவனையே கேட்டுடேம்மா" என்றார் மாமனார். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று அவர் முகமே சொன்னது. பெற்ற மனம் பித்து, வேறென்ன?

ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிட்டாள். அடித்தவுடனே எடுத்தான்.

"ம், சொல்லு."

சொன்னாள்.

"சார்ஜர் போட்டிருக்கியா? அந்த பிளக் பாயிண்ட் இன்னும் லூசாதான் இருக்கா?"

"ஆமாங்க."

"அப்ப யாராவது அதைப் பிடிச்சுக்கணும். அந்தப் பேட்டரிய நம்ப முடியாது. நடுவுல கரண்ட் விட்டுப்போச்சுன்னா மிஷின் காலி."

மாமனார் முழங்கால் வலியோடு தரையில் உட்கார்ந்து பிளக்கைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். எண்ணும் கடவுச்சொல்லும் அவள் போனுக்கு வந்தன, சார்ஜர் செய்திக்குக் கீழே.

"முதல்ல சுருக்கையெல்லாம் பென் டிரைவ்ல போடு. போட்டியா? திறந்து பாரு, திறக்குதா?"

"திறக்குது."

"இப்ப பூட்டை நிறுத்தி வை. எடுத்துடாத, நிறுத்தி வச்சா போதும். அவசரமே இல்ல, நிதானமா பண்ணு."

கூட வாழ்ந்த காலத்தில் இத்தனை பொறுமையாக ஒரு வாக்கியம் அவளிடம் பேசியதில்லை, மகராசன்.

அப்டேட்டை அமுக்கினாள். திரை இருண்டது, விசிறி இரைந்தது. "எதையும் தொடாத. அணைஞ்சு அணைஞ்சு வரும்" என்றான்.

"டேய், சாப்பிட்டியாடா?" என்றார் மாமனார் தரையிலிருந்து.

"ம். பிளக்கை விட்டுடாதீங்கப்பா."

அவர் இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

லேப்டாப் எழுந்தது. பூட்டு எதுவும் கேட்கவில்லை. சுருக்குகள் அப்படியே இருந்தன. வேலை பிழைத்தது. ஆனால் ஒன்றைக் காணவில்லை.

"ரெண்டு வரி வரலீங்க. நேரா என்னோடது திறந்துடுச்சு. உங்க பக்கத்தைக் காணோம்."

"எங்கயும் போகல, உள்ளதான் இருக்கு. அப்டேட் பண்ணா சில சமயம் அந்த வரிசை மாறிடும்."

"எப்படித் திரும்பக் கொண்டுவரது?"

"எதுக்கு? அழிச்சிடு. உனக்கு இடம் கிடைக்கும்" என்றான். பிறகு அதே பொறுமையோடு, "பூட்டைத் திரும்பப் போட்டுடு. கடவுச்சொல்லையும் மாத்திக்க. இனிமே யாரையும் கேக்க வேண்டாம் பாரு."

"சரிங்க" என்றாள்.

"மாமா, முடிஞ்சிருச்சு. பிளக்கை விடுங்க."

அவர் விடவில்லை. "போனை வச்சிட்டானா?"

"வச்சிட்டார்."

"வரேன்னு ஏதாவது..." என்று ஆரம்பித்தவர், தானும்தான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தோம் என்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார். அவள் கை கொடுத்து அவரை எழுப்பிவிட்டாள். அன்று முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் வழக்கம்போல் சாப்பிட்டாள், பாத்திரம் கழுவினாள், துணி மடித்தாள்.

திங்கட்கிழமை காலை லேப்டாப்பைத் திறந்தாள். விரல் தானாகப் போய்க் கீழ் அம்புக்குறியைத் தட்டியது. இரண்டு வரி வரவில்லை. அவள் பக்கமே நேராகத் திறந்து, அவள் பெயரோடு காத்திருந்தது. மறுபடியும் தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள்.

டீயோடு வந்த மாமனார் கதவருகே நின்றார். "என்னம்மா, வரலையா?"

"வந்திருச்சு மாமா."

ஹெட்போனை மாட்டி பெடலை அமுக்கினாள். யாரோ ஒரு மருத்துவர் யாருடைய நோயையோ சொல்ல ஆரம்பித்தார். அவன் போன அன்றைக்கு வந்திருக்க வேண்டிய அழுகை அப்போதுதான் வந்தது. அவள் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு அழுதாள்.